நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்துச் செல்வது எது?





பல வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அஹதியா வகுப்பொன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஈமானின் கடமைகள் பற்றிய பாடம். பத்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். "மௌலவி, நாங்க முஸ்லிம் வீட்டில பொறந்ததாலதானே முஸ்லிம்? எதிர் வீட்டில பொறந்திருந்தா இன்டைக்கு தஹம் பாசலைக்குப் போயிருப்பம். அப்ப எங்கட மார்க்கம்தான் சரியென்டு எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டான்.

அவனிடத்தில் குறும்பு இருக்கவில்லை. அது உண்மையான கேள்வி. ஆனால் நான் செய்தது என்ன? இத்தகைய எண்ணங்களை ஷைத்தான்தான் உள்ளத்தில் போடுவான், அவூது ஓதிக்கொண்டு உட்கார் என்று கூறினேன். ஏனைய பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முடியும்வரை ஒழுங்காக வகுப்புக்கு வந்தான். வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. அவனை நல்லொழுக்கமுள்ள மாணவன் என்றே நான் கருதிக்கொண்டிருந்தேன்.

இன்று அக்கேள்விக்கு விடை தேட முற்படுகின்றேன். உங்களில் பலருடைய வீடுகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இக்கேள்வி எழுந்திருக்கும். எழாத வீடு இருந்தால் அங்கே பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்களோ என்று சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

அம்மாணவன் கேட்டதன் முதற்பாதியை இஸ்லாம் மறுக்கவில்லை என்பதை முதலில் கூறிவிடுகின்றேன். ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையிலேயே பிறக்கின்றது, பின்னர் அதனுடைய பெற்றோரே அதனை யூதனாகவோ கிறிஸ்தவனாகவோ நெருப்பு வணங்கியாகவோ ஆக்குகின்றனர் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. வீட்டின் செல்வாக்கு எவ்வளவு பலமானது என்பதை இதனைவிடத் தெளிவாகக் கூற முடியாது. நாம் இந்த ஹதீஸைப் பிறரைக் குறித்தே ஓதிக்காட்டுகின்றோம். ஆனால் நம்முடைய வீட்டுக்கும் அது பொருந்தும். தூய நிலையில் வந்த பிள்ளையின் உள்ளத்தில் நாம் எதனை எழுதுகின்றோம் என்று கேட்கின்ற ஹதீஸ் அது.

அடுத்த பாதியைப் பார்ப்போம். மூதாதையர் செய்ததாலேயே ஒன்றைச் செய்கின்றோம் என்று கூறுவோரை அல்குர்ஆன் பல இடங்களில் கண்டிக்கின்றது. சூறத்துல் பகராவின் 170வது வசனம் அவற்றுள் ஒன்று. அல்லாஹ் இறக்கியதைப் பின்பற்றுங்கள் என்று கூறப்பட்டால், எங்கள் மூதாதையரை எதில் கண்டோமோ அதனையே பின்பற்றுவோம் என்று அவர்கள் பதிலளித்தார்கள். அம்மூதாதையர் எதனையும் விளங்காதவர்களாகவும் நேர்வழி பெறாதவர்களாகவும் இருந்தாலுமா என்று அவ்வசனம் திருப்பிக் கேட்கின்றது. இக்கேள்வியைச் சற்று நிதானித்து வாசியுங்கள். மூதாதையரைப் பின்பற்றுவதே குற்றம் என்று அது கூறவில்லை. அவர்கள் விளங்கியவர்களா, நேர்வழியில் நின்றவர்களா என்று பாராமலே பின்பற்றுவதைத்தான் குறை காண்கின்றது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் யூஸுஃப் (அலை) அவர்களை அல்குர்ஆன் நிறுத்துகின்றது. சிறைச்சாலையில் இரு தோழர்களோடு பேசும்போது, தம் மூதாதையர்களான இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் ஆகியோரின் மார்க்கத்தைத் தாம் பின்பற்றுவதாக அவர்கள் வெளிப்படையாகக் கூறுகின்றார்கள். குறைஷிகள் கூறியதும் மூதாதையர் வழி, யூஸுஃப் (அலை) கூறியதும் மூதாதையர் வழி. அவ்வாறாயின் வித்தியாசம் எங்கே இருக்கின்றது? அடுத்த வசனத்திலே இருக்கின்றது. பலதரப்பட்ட தெய்வங்கள் மேலா, அனைத்தையும் அடக்கியாளும் ஏகனான அல்லாஹ் மேலா என்று அவர்கள் அத்தோழர்களைச் சிந்திக்கத் தூண்டுகின்றார்கள். வாப்பாவிடமிருந்து பெற்றதற்கு அவர்களிடம் சொந்தமான நியாயம் இருந்தது. ஊரில்லை, உறவில்லை, கண்காணிக்க வாப்பாவும் அருகில் இல்லை. அந்நிய தேசத்துச் சிறையில் அந்த நியாயமே அவர்களோடு துணையாக இருந்தது.

ஆக, அன்று அம்மாணவனிடம் நான் கூறியிருக்க வேண்டியது இதுதான்: நீ பிறந்த வீடு உன்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றது, உள்ளே நுழைவது உன்னுடைய வேலை. அதற்காகத்தான் நீ கேள்வி கேட்கின்றாய், கேள். இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம்கூடச் சென்றிருக்காது.

நபி (ஸல்) அவர்களுடைய சபைக்கு ஓர் இளைஞர் வந்து, ஒழுக்கக்கேடான ஒரு செயலுக்குத் தமக்கு அனுமதி தருமாறு பகிரங்கமாகவே கேட்டார். கூடியிருந்தோர் அதட்டினார்கள். நபியவர்களோ அவரைத் தம் அருகில் வந்து அமரச் செய்தார்கள். உம்முடைய தாய்க்கு இதனை விரும்புவீரா, மகளுக்கு, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே விடையைக் கண்டுகொள்ளும்படி செய்தார்கள். பின்னர் கையை அவர்மீது வைத்துத் துஆச் செய்தார்கள். அபூ உமாமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் முஸ்னத் அஹ்மதில் உள்ளது. சபையோரின் அதட்டலும் மார்க்கப் பற்றினால் வந்ததுதான். நான் அன்று சபையோரின் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

நேயமிக்க பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு நம்பிக்கைகள் எவ்வாறு சென்று சேருகின்றன என்பதையும் பார்ப்போம். நாம் உபதேசம் செய்யும் நேரத்தில் அவை செல்கின்றன என்று எண்ணுகின்றோம். மஃரிபுக்குப் பின்னர் பிள்ளையை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசிவிட்டால் கடமை முடிந்துவிட்டதாகத் திருப்தியடைகின்றோம். ஆனால் பிள்ளை நம்மைக் கவனிப்பது அந்த ஐந்து நிமிடங்களில் மாத்திரமன்று. கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது வாப்பா வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னோமே, அப்பொழுதும் அது பாடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார் ஒரு பொருள் தருவதாகக் கூறி அவரை அழைத்தார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்ற கருத்தை நபியவர்கள் உணர்த்தினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தில் சிறுவருக்கு யாரும் உபதேசிக்கவில்லை. தாய்க்குத்தான் உபதேசம். பிள்ளையோ பெரியவராகிய பின்னரும் அதனை மறக்காமல் நமக்கு அறிவித்திருக்கின்றார்.

உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) நபியவர்களுடைய வீட்டில் வளர்ந்த சிறுவர். சாப்பாட்டுத் தட்டில் அவருடைய கை அங்குமிங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் கூறுவதையும் வலது கையால் உண்பதையும் தமக்கு அருகிலுள்ளதை எடுப்பதையும் நபியவர்கள் அந்த இடத்திலேயே சுருக்கமாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே தட்டில் கூட உட்கார்ந்து உண்டவர் கற்றுக்கொடுத்த பாடம் அது. அதன் பின்னர் தாம் உண்ணும் முறை அவ்வாறே அமைந்துவிட்டதாக அவர் கூறுகின்றார். ஒரே சஹனில் உண்ணும் வழக்கமுள்ள சமூகமாகிய நாம், இன்று வீட்டில் எத்தனை வேளை பிள்ளைகளோடு ஒன்றாக உட்காருகின்றோம்? வாப்பா கடையடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வருகின்றார். அல்லது வாப்பா கத்தாரில் இருக்கின்றார், உம்மா குவைத்தில் இருக்கின்றார். இவர்களைக் குற்றம் கூற நான் முன்வரவில்லை. வயிற்றுப்பாட்டின் நிர்ப்பந்தம் எத்தகையது என்பதை அறிவேன். ஆனால் அந்த வெற்றிடத்தைப் பிள்ளையின் கைத்தொலைபேசி நிரப்பிவிடுகின்றது என்பதையும் கூறாதிருக்க முடியாது.

இவ்விடயத்தைப் பிற நாட்டு ஆய்வாளர்களும் ஆராய்ந்திருக்கின்றார்கள். வேர்ன் பெங்ஸ்டன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழ 35 வருடங்கள் தொடர்ந்து அவதானித்து 2013ல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுட் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களும் யூதர்களும். பெற்றோரின் மார்க்கப்பற்று பிள்ளைகளிடம் நிலைத்த வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் அன்பான நெருக்கம், குறிப்பாகத் தந்தையோடு நெருக்கம், இருந்ததை அவர் கண்டார். தந்தை எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் கடுகடுப்பானவராகவும் எட்ட நிற்பவராகவும் இருந்த வீடுகளில் அது பெரும்பாலும் நிலைக்கவில்லை.

இதனை அறிந்துகொள்ள நாம் கலிபோர்னியா வரை செல்ல வேண்டிய அவசியமும் இல்லை. லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் என்னருமை மகனே என்ற பாசமான விளி மூன்று முறை வருகின்றது. கடினமான விடயத்தைக் கூறும் ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விளி முன்னால் வந்து நிற்கின்றது. பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் மாணவர்மீது கடுமை காட்டுவதைப் பற்றித் தனியாகவே எழுதியுள்ளார். அடக்குமுறைக்கு உட்பட்டு வளரும் பிள்ளை அடிக்குப் பயந்து உள்ளத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக நடிக்கக் கற்றுக்கொள்கின்றது, பொய்யும் ஏமாற்றும் அதன் இயல்பாகிவிடுகின்றன என்பது அவருடைய கணிப்பு. ஓதப்பள்ளிப் பிரம்பைப் பெருமையோடு நினைவுகூரும் நம் வயதினர் இதனைச் சிந்திக்க வேண்டும். அப்பிரம்பினால் ஓதக் கற்றவர்கள் உண்டு. அதற்குப் பின்னர் குர்ஆனைத் திறக்காதவர்களும் உண்டு.

மார்க்கத்தைப் பற்றி இவ்வளவு கூறினேன். அரசியலைப் பற்றியும் கூற வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் மார்க்கத்தைக் கற்பிப்பதைவிட அதிக ஊக்கத்தோடு நாம் கற்பிக்கும் பாடம் அதுதான்.

எங்களுடையது பச்சைக் குடும்பம், அவர்களுடையது நீலக் குடும்பம் என்று கூறி வளர்ந்த தலைமுறை நாம். யானைக்கும் கைக்கும் இடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கிழக்கிலே மரம் வந்த பின்னர் மூன்றாகப் பிரிந்தது. தேர்தல் காலத்தில் சொந்தச் சகோதரர்கள் ஸலாம் கூறாமல் கடந்து சென்றதையும், கட்சி வேறு என்பதற்காகப் பேசி முடித்த திருமணம் நின்றுபோனதையும் என் கண்ணாலேயே கண்டிருக்கின்றேன். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

1965ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர்தரப் பாடசாலை இறுதி வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியாகக் கண்டு விசாரித்தார்கள். ஜெனிங்ஸ், நீமி என்ற இருவர் அதனை ஆராய்ந்து எழுதினார்கள். கட்சி விசுவாசம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஓரளவு நன்றாகவே சென்றிருந்தது. ஆனால் நாட்டின் குறிப்பான பிரச்சினைகளைப் பற்றிய கருத்துக்கள் அவ்வாறு செல்லவில்லை. அவற்றில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான ஒற்றுமை மிகப் பலவீனமாகவே காணப்பட்டது. இதன் பொருளைக் கவனியுங்கள். பிள்ளைக்குக் கொடி சென்று சேர்ந்திருக்கின்றது, அக்கொடியைப் பிடிப்பதற்கான காரணம் அந்தளவு சேரவில்லை. நம் ஊர்களில் எவரும் இத்தகைய கணக்கெடுப்பு நடத்தத் தேவையில்லை. ஏன் இக்கட்சிக்கு வாக்களிக்கின்றாய் என்று ஓர் இளைஞரிடம் கேளுங்கள். எங்கட வாப்பா அந்தக் கட்சி என்று விடை வந்தால், சூறத்துல் பகராவின் 170வது வசனம் உங்கள் காதில் ஒலிக்கட்டும்.

கட்சிச் சார்பு இருப்பது பாவமென்று நான் கூற வரவில்லை. நம் சமூகத்தின் பெருந்தலைவர்கள் வெவ்வேறு கட்சிகளில் இருந்தே சேவை செய்திருக்கின்றார்கள். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் பணிபுரிந்த டீ.பி. ஜாயா 1947ல் டீ.எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அமைச்சரவையில் அமர்ந்தார். பதியுத்தீன் மஹ்மூத் சுதந்திரக் கட்சியின் ஆரம்பகாலத்தவர். அதன் அரசாங்கத்தில் கல்வி அமைச்சராக இருந்தார். எம்.எச்.எம். அஷ்ரஃப் இவ்விரண்டையும் தவிர்த்து முஸ்லிம் காங்கிரஸை உருவாக்கினார். அது 1981ல் காத்தான்குடியில் தோற்றம்பெற்றது. மூவரும் முஸ்லிம்கள், மூவரும் தொழுதவர்கள், மூவருடைய அரசியல் தீர்மானமும் வேறு. ஒருவருடைய வழிதான் இஸ்லாம் என்றால் ஏனைய இருவரையும் எங்கே வைப்பது?

ஆயினும் தேர்தல் வந்துவிட்டால் நாம் செய்வது வேறாக இருக்கின்றது. நம்முடைய வேட்பாளருக்கு வாக்களிப்பது மார்க்கக் கடமை என்றும், மற்றவருக்கு வாக்களிப்பவன் சமூகத் துரோகி என்றும் பிள்ளைகள் முன்னிலையில் பேசுகின்றோம். நேற்று துரோகி எனப்பட்டவர் அடுத்த தேர்தலில் நம்முடைய கட்சிக்கே வந்துவிடுவார். அப்பொழுது அவருக்கு மாலை போடுகின்றோம். பத்து வயதுப் பிள்ளை இதனையும் பார்க்கின்றது. கட்சிக்காக மார்க்கத்தின் பெயரை எடுத்துப் பேசினால், கட்சி பொய்த்துப்போகும் நாளில் பிள்ளையின் உள்ளத்தில் மார்க்கமும் சேர்ந்தே பொய்த்துப்போகும் ஆபத்து இருக்கின்றது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றபோது, பல தசாப்தங்களாக நாட்டை மாறி மாறி ஆண்ட பச்சையும் நீலமும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. அது நல்லதா கெட்டதா என்பது இக்கட்டுரையின் விடயமன்று. வாப்பாவின் கட்சி நிலையானதொன்றல்ல என்பதை நம் பிள்ளைகள் கண்கூடாகக் கண்டுவிட்டார்கள் என்பதை மாத்திரம் குறித்துக்கொள்கின்றேன்.

கட்சியைவிட ஆழமாகச் செல்லும் மற்றொன்றும் இருக்கின்றது. அது மனக்காயம். இதனைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கே தயக்கமாக இருக்கின்றது. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி இரவு காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவ்வருட ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தோருக்கு அதற்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அண்மைக் காலத்தில் 2014 ஜூனில் அளுத்கமை, 2018 மார்ச்சில் திகன. 2020ல் தொடங்கி 2021 பெப்ரவரிவரை கொரோனாவில் இறந்த நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இவற்றைப் பிள்ளைகளுக்குக் கூறாமல் மறைப்பது சரியன்று. மறைத்தாலும் அவர்கள் வேறெங்காவது கேட்டுக்கொள்வார்கள், அங்கே கேட்பது இதனைவிட மோசமாக இருக்கும்.

கூற வேண்டும். ஆனால் முழுமையாகக் கூற வேண்டும். வீட்டுத் திறப்பை அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்ததையும், அவர்கள் ஒழுங்கை முனைவரை வந்து அழுததையும் சொல்கின்ற வடபுல முதியவர்கள் நம்மத்தியில் இருக்கின்றார்கள். இரண்டு மணித்தியாலத்தைச் சொல்லும் வாப்பா அந்தக் கண்ணீரையும் சொல்ல வேண்டும். ஜனாஸா எரிப்புக்கு எதிராகக் கொழும்பு பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் ஏனைய மதத்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இன்னும் கடினமான ஒன்றும் உண்டு. அதே 1990ல் கிழக்கிலே ஊர்காவல் படையிலிருந்த நம்மவர் சிலரின் கரங்களால் தமிழ்க் கிராமத்தவர்களும் உயிரிழந்தார்கள். இதனைச் சொல்லும்போது நா கூசுகின்றது. எனினும் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று சூறத்துந் நிஸாவின் 135வது வசனம் கட்டளையிடும்போது, நா கூசுகின்றது என்பதை அல்லாஹ்விடம் காரணமாகக் கூற முடியுமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று சூறத்துல் மாயிதாவின் 8வது வசனமும் எச்சரிக்கின்றது. வெறுப்பு வருவதற்கு நியாயமான காரணம் இருந்தவர்களை நோக்கியே அவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்டது.

பாதியை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை மீதிப் பாதியைத் தானே கற்பனை செய்துகொள்ளும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தினத்தை நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபாட்டுக்கு வந்த மக்கள், கொழும்பு ஹோட்டல்களில் காலையுணவு அருந்திக்கொண்டிருந்த மக்கள் என 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனைச் செய்தவர்களுள் நன்கு படித்தவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பின்னர் எத்தனையோ பெற்றோர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எங்களுடைய மகன் அறைக்குள் இருந்து எதனைப் பார்க்கின்றான், யாருடைய பேச்சைக் கேட்கின்றான் என்று எப்படி அறிந்துகொள்வது? நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்: உங்களுடைய மகன் தன் சந்தேகத்தைக் கடைசியாக உங்களிடம் எப்பொழுது கூறினான்? பலருக்கு ஞாபகமில்லை. உள்ளத்தில் எழுகின்ற கேள்வியை வாப்பாவிடமும் மௌலவியிடமும் கேட்க முடியாத பிள்ளை, அதனை எவரிடமும் கேட்காமலே இருந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்பிள்ளையைச் சிரிக்காமல், அதட்டாமல் வரவேற்க எங்கோ ஒருவர் காத்திருக்கின்றார். இதனை எழுதும்போது பத்தாம் ஆண்டு மாணவனுடைய முகம் என் முன்னே வந்து நிற்கின்றது.

இளைஞர்களே, யுவதிகளே! இதுவரை உங்களுடைய பெற்றோரை நோக்கியே அதிகமாகப் பேசிவிட்டேன். உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. சில வருடங்கள் மார்க்கம் படித்த மாத்திரத்தில் வாப்பாவும் உம்மாவும் செய்ததெல்லாம் ஜாஹிலிய்யத் என்று பேசத் தொடங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கின்றேன். மூத்தம்மா ஓதிய மௌலிதையும் ராத்திபையும் பரிகசிப்பது மார்க்கப் பற்றாகக் கருதப்பட்ட ஒரு காலமும் நம் ஊர்களில் இருந்தது. கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இப்ராஹீம் (அலை) அவர்களுடைய தந்தை சிலை வணங்குபவராக இருந்தார். அத்தகைய தந்தையிடம் பேசும்போதே அவர்கள் என்னருமைத் தந்தையே என்று நான்கு முறை விளித்துப் பேசியதை சூறா மர்யமில் காணலாம். கல்லால் அடிப்பேன் என்று தந்தை மிரட்டியபோதும் ஸலாம் கூறி, உங்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுவேன் என்றே விடைபெற்றார்கள். சூறா லுக்மானின் 15வது வசனமும் இதனையே விதிக்கின்றது. இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் அதில் மாத்திரம் கீழ்ப்படிய வேண்டாம், உலக விடயங்களில் அவர்களோடு நல்ல முறையில் உறவாட வேண்டும். சிலை வணங்கும் பெற்றோருக்கே இந்த உரிமை என்றால், உங்களை ஓதப்பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பெற்றோருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அரசியலிலும் அவ்வாறே. வாப்பாவின் கட்சியை விட்டு நீங்கள் விலகலாம். அதனை அவருடைய முகத்துக்கு முன்னால் கைதட்டிக் கொண்டாட வேண்டியதில்லை.

மீண்டும் பெற்றோர்களிடம் வருகின்றேன். இவ்வளவு செய்தும் பிள்ளை வேறு வழி சென்றுவிட்டால்? இவ்வேதனையைச் சுமந்துகொண்டு எத்தனையோ வாப்பாமார் முதல் ஸஃப்பில் அமைதியாக நிற்கின்றார்கள். நூஹ் (அலை) அவர்களும் ஒரு வாப்பாதான். மலைபோன்ற அலைகளுக்கிடையில் என்னருமை மகனே எங்களோடு ஏறிக்கொள் என்று அழைத்தார்கள். மகன் மலை தன்னைக் காப்பாற்றும் என்றான். இருவருக்கும் இடையில் அலை வந்து குறுக்கிட்டது. ஒரு நபியாலும் தம் பிள்ளையின் உள்ளத்தைக் கையால் திருப்ப முடியவில்லை. ஆகவே பிள்ளை வழிதவறிய வீட்டைப் பார்த்து வளர்ப்புச் சரியில்லை என்று ஊர் பேசுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். நூஹ் (அலை) அவர்களின் வளர்ப்பையா குறைகூறப் போகின்றோம்? அதேபோன்று இஸ்லாத்தின் கடும் எதிரியாயிருந்த அபூஜஹ்லின் வீட்டிலிருந்து இக்ரிமா (ரழி) வந்தார். அவர் இஸ்லாத்தை ஏற்க வந்துகொண்டிருந்தபோது, அவருடைய தந்தையை அவர் காதுபட ஏசவேண்டாம் என்று நபியவர்கள் தோழர்களுக்குக் கூறியதை ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. தந்தையின் கொள்கைக்காக மகனை நோகடிப்பதை அவர்கள் விரும்பவில்லை.

யஃகூப் (அலை) அவர்களுடைய மரணப் படுக்கையை சூறத்துல் பகராவின் 133வது வசனம் காட்டுகின்றது. பிள்ளைகள் சுற்றி நிற்கின்றார்கள். எனக்குப் பின்னர் எதனை வணங்குவீர்கள் என்று அவர்கள் கேட்கின்றார்கள். வாழ்நாள் முழுவதும் உபதேசித்த நபி, இறுதி வேளையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்து விடை வரும்வரை காத்திருந்தார்கள். பிள்ளைகளுடைய விடையில் மூதாதையர்களின் பெயர்களும் வந்தன, ஏக இறைவனும் வந்தான்.

கேள்வி கேட்ட அம்மாணவன் இப்பொழுது வெளிநாடொன்றில் இருக்கின்றான். திருமணமாகிப் பிள்ளைகளும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுடைய வாப்பாவை ஜும்ஆ முடிந்து வரும்போது சில வேளைகளில் பள்ளிவாசல் வாசலில் சந்திப்பேன். மகன் சுகமா என்று கேட்பேன். அல்ஹம்துலில்லாஹ், சுகம் என்பார். தொழுகின்றானா என்று கேட்க நான் வாயெடுத்ததுண்டு. அவர் அவசரமாகச் செருப்பைத் தேடத் தொடங்குவார். அதற்குப் பின்னர் நான் கேட்பதில்லை.